விழாவில் நாம் கொடுப்பது யாது?





ஏப்ரல் 14ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் அவர்கள் பிறந்த நாள். வைகாசிப் பௌர்ணமியோ பகவான் புத்தரின் பிறப்பையும் போதியையும் பரிநிர்வாணத்தையும் நினைவுகூரும் நாள். இவ்விரு நாட்களையும் ஒட்டி நம் சங்கங்கள் பலவற்றில் கல்வி விழா நடைபெறுகின்றது. தேர்வில் தேறிய பிள்ளைகளை மேடைக்கு அழைக்கின்றோம், மாலை சூட்டுகின்றோம், கரவொலி எழுப்புகின்றோம். இஃது மிக நல்ல வழக்கம். எனினும், விழா முடிந்து பந்தல் பிரிக்கப்பட்ட பின்னர் அப்பிள்ளையின் கையில் எஞ்சி நிற்பது யாது? இவ்வொரு கேள்வியை மட்டுமே இன்று உங்களோடு சிந்திக்க விழைகின்றோம்.

1907ஆம் ஆண்டில் பம்பாயில் நடைபெற்ற ஒரு சிறிய கூட்டத்தை முதற்கண் நினைவிற்குக் கொண்டு வருவோம். ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பரேல் பகுதியில், ஒரே அறையுள்ள குடியிருப்பில், ராம்ஜி என்னும் ஓய்வு பெற்ற இராணுவ சுபேதார் தம் மக்களோடு வாழ்ந்து வந்தார். அவ்வறையே சமையற்கூடம், அதுவே படுக்கை, அதுவே பள்ளிப் பாடம் படிக்கும் இடம். வீட்டில் சந்தடி அடங்கிய பின்னிரவு வேளையில் தந்தை மகனை எழுப்பிப் படிக்கச் செய்வார். புத்தகம் வாங்கப் பணமில்லாத போது மணமாகிப் போன தம் பெண்களிடம் சென்று, அவர்தம் நகையைப் பெற்று அடகு வைத்து வாங்கிக் கொடுப்பார். அம்மகன் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினான். மகார் குலத்துப் பிள்ளை ஒருவன் அத்தேர்வில் தேறுவது அந்நாளில் அரிதினும் அரிது. ஆகவே அவ்வூர் மக்கள் கூடி அவனைப் பாராட்டினர்.

அக்கூட்டத்திற்கு எஸ். கே. போலே என்பார் தலைமை வகித்தார். கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் என்னும் ஆசிரியரும் வந்திருந்தார். இருவரும் அக்குலத்தைச் சார்ந்தவரல்லர். தோட்டம் ஒன்றில் தனித்தமர்ந்து படிக்கும் அச்சிறுவனைக் கேலுஸ்கர் முன்னரே கண்டிருந்தார். அன்று அவர் அவனுக்குப் பொன்னாடை போர்த்தவில்லை, பொருட்குவை வழங்கவில்லை. தாமே மராத்தியில் எழுதிய புத்தர் சரித்திரத்தின் பிரதி ஒன்றைக் கையில் கொடுத்தார்.

ஒரே ஒரு புத்தகம்! அது செய்த வேலையைப் பாருங்கள். 1907இல் அதனைக் கையேந்தி வாங்கிய அப்பிள்ளை, 49 ஆண்டுகள் கழித்து, 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில், இலட்சக்கணக்கான மக்களோடு புத்தம், தம்மம், சங்கம் என்னும் மும்மணிகளைச் சரணடைந்தார். கேலுஸ்கர் புத்தகம் கொடுத்ததோடும் நின்றாரில்லை. பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடிடம் அப்பிள்ளையின் நிலையை எடுத்துச் சொல்லி, மாதம் 25 ரூபாய் உதவித் தொகை கிடைக்க வழி செய்தார். 1912இல் பி.ஏ. பட்டம்; 1913இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக் கழகம்; பின்னர் இலண்டன். விழாவன்று கரவொலி எழுப்பியவர் பலர். விழா முடிந்த பின்னும் உடன் நடந்தவர் ஒருவர். அவ்வொருவராலேயே அவ்விழா வரலாறாயிற்று.

அதே 1907ஆம் ஆண்டில் நம் தமிழகத்திலும் இரண்டு விளக்குகள் ஏற்றப்பட்டன என்பதை நாம் மறத்தலாகாது. 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாசப் பண்டிதர், 1907 ஜூன் 19ஆம் நாள் சென்னையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். விலையையே பெயராக வைத்தார். கூலியாளும் வாங்கிப் படிக்க வேண்டும் என்பதே கருத்து. கோலார் தங்கச் சுரங்கத்தில் உழைத்த தமிழ் மக்கள் அதனைப் படித்தனர். தாமும் அங்கே பௌத்த சங்கம் கண்டனர். பேராசிரியர் இலக்குமி நரசு அவர்கள் பௌத்தத்தின் சாரத்தை விளக்கி ஆங்கிலத்தில் எழுதிய நூலும் அவ்வாண்டே வெளிவந்தது. அந்நூலை 1948இல் முன்னுரை எழுதி மீண்டும் பதிப்பித்தவர் பாபாசாகேப் அவர்களே. தென்னாட்டு விளக்கும் மேல்நாட்டு விளக்கும் ஒன்றையொன்று ஏற்றிக் கொண்டவாறு இதுவாம்.

நிற்க. நாம் எத்தகைய பிள்ளைக்கு மாலை சூட்டுகின்றோம்? முதல் மதிப்பெண் பெற்றவனுக்கு. தேறாதவன் எங்கே? பந்தலின் பின்புறம் நாற்காலி எடுத்துப் போட்டுக் கொண்டிருக்கின்றான். சூளபந்தகர் கதையை நினையுங்கள். அவர் துறவு பூண்டு நான்கு திங்கள் முயன்றும் ஒரு பாட்டை மனனம் செய்ய இயலவில்லை. உடன்பிறந்த தமையனாரே, ‘நீ இதற்குத் தகாதவன், வீட்டுக்குப் போ’ என்று சொல்லிவிட்டார். அழுது கொண்டே வாயிலில் நின்றவரைப் பகவான் கண்டார். கடிந்துரைத்தாரில்லை; வேறொரு பாட்டைக் கொடுத்து இதையாவது படி என்றாரில்லை. தூய வெள்ளைத் துணித்துண்டு ஒன்றைக் கொடுத்து, ‘அழுக்கு நீக்குவது’ என்று பொருள்படும் ஒரே சொல்லை உரைத்துக் கொண்டே அதனைத் தேய்த்து வா என்றார். கையால் தேய்க்கத் தேய்க்கத் துணி அழுக்காயிற்று. அழுக்கைக் கண்டவர் நிலையாமையைக் கண்டார், மெய்யறிவு பெற்றார்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? மூடப் பிள்ளை என்று ஒருவனும் இல்லை. அவனுக்கேற்ற வழியைக் காணாத ஆசிரியர் உண்டு, பெற்றோர் உண்டு, சங்கம் உண்டு. ஆகவே தேறிய பிள்ளைக்கு ஒரு மாலை என்றால், தேறாத பிள்ளைக்கு மறுதேர்வு வரை உடனிருந்து சொல்லிக் கொடுக்க ஓர் அண்ணனையும் ஓர் அக்காளையும் அவ்விழாவிலேயே நியமித்தல் வேண்டும்.

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது. ஆளவி என்னும் ஊரில் பகவான் அறமுரைக்க வந்த நாளில், ஏழை உழவன் ஒருவன் காணாமற் போன எருதைத் தேடி அலைந்து, பசியோடு காலந்தாழ்ந்து வந்தான். அதுவரை பகவான் வாய் திறவாது காத்திருந்தார். முதலில் அவனுக்கு உணவளிக்கச் செய்தார், பின்னரே போதித்தார். நம் மாலை வகுப்புகளில் பாடத்திற்கு முன் ஒரு கிண்ணம் சுண்டலாவது கொடுத்தல் தம்மத்திற்கு உகந்த செயலே என்று இதனால் அறிக.

இனிப் பெண்மக்களைக் குறித்து ஒரு சொல். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி விடுவோம் என்று நம் வீடுகளிலும் பேசப்படுகின்றது. சோமை என்னும் பிக்குணியைப் பார்த்து, ‘இரண்டு விரலளவு அறிவுடைய பெண்ணுக்கு அந்நிலை எட்டுமோ?’ என்று மாரன் ஏளனம் செய்தான். இரு விரலால் சோற்றுப்பதம் பார்ப்பது மட்டுமே பெண்ணின் அறிவு என்பது அவன் கருத்து. மனம் ஒருமைப்பட்டு மெய்ம்மையைக் காணுங்கால் பெண்மை என்ன தடை செய்யும் என்று அவ்வம்மையார் விடையிறுக்க, மாரன் நாணி மறைந்தான். 1848இல் பூனாவில் சாவித்திரிபாய் பூலே அம்மையார் பெண் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் சென்ற போது, வழியில் சாணத்தையும் சேற்றையும் எறிந்தனர். அவர் மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்று, பள்ளியில் உடுத்துக் கொண்டு பாடம் நடத்தினார். அப்பள்ளிகளில் பயின்ற முக்தா சால்வே என்னும் மாங் குலத்துச் சிறுமி, 1855இல், ஏறக்குறைய 14 வயதில், தம் மக்களின் துயரத்தை எழுதி அச்சிலேற்றினாள். பெண்ணின் படிப்பை நிறுத்துவோர் மாரனுடைய கேள்வியையே திரும்பக் கேட்கின்றனர் என்பதை உணர்வார்களாக.

கல்வி வந்தால் போதும், சமாதானம் தானே வரும் என்று சிலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. அங்குலிமாலன் யார்? கல்லாதவனா? இளமையில் அகிம்சகன் என்னும் பெயர் பூண்டு, தட்சசீலத்தில் பயின்ற சிறந்த மாணாக்கன். உடன் பயின்றோர் பொறாமை கொண்டு கோள் மூட்டினர். ஆசிரியர் சினந்து ஆயிரம் விரல்களைக் காணிக்கையாகக் கேட்டார். அவன் கேள்வியின்றிக் கீழ்ப்படிந்தான், கொலைஞன் ஆனான். கல்வி இருந்தது; சீலமும் கருணையும் இல்லை. படித்தால் மட்டும் போதாது, பிரக்ஞை வேண்டும், அதனோடு சீலமும் கருணையும் மைத்திரியும் வேண்டும் என்று பாபாசாகேப் அவர்கள் தம் ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூலில் வலியுறுத்தியது இதனாலேயே.

யாம் நூற்பாலையில் பல்லாண்டு உழைத்தவர். பள்ளியில் பயின்றது சொற்பம். ஆயினும் ஆலையே எமக்கொரு பாடம் சொல்லிற்று. பஞ்சு புளோரூமில் அடிபட்டுத் தூசு நீங்குகின்றது. கார்டிங்கில் சீவப்பட்டு இழை நேராகின்றது. அந்நிலையில் அது பார்வைக்கு வெண்மையாய் அழகாய் இருக்கும். ஆனால் குழந்தை இழுத்தாலும் பிரிந்து விடும். ரிங் பிரேமில் முறுக்கேறிய பின்னரே அது நூல். அதன் பின்னரே தறியின் இழுப்பைத் தாங்கும். கல்வி தூசு நீக்கி நேராக்கும். சீலமே முறுக்கு. முறுக்கில்லாத படிப்பு, உத்தியோகம் கிடைத்ததும் தன் சேரியை மறைக்கும். தாயைச் சபையில் அழைக்கக் கூசும். 1956 மார்ச்சில் ஆக்ராவில் பாபாசாகேப் மனம் நொந்து பேசியதும் படித்து முன்னேறிய பின் தம் மக்களை மறந்தவர்களைக் குறித்தேயன்றோ?

இன்று நம் பிள்ளைகளுக்கு எது நம்பிக்கை? தந்தையின் தொழில் மகனுக்கு வரும் காலம் போயிற்று. 1982ஆம் ஆண்டு வேலை நிறுத்தத்திற்குப் பின் பம்பாய் ஆலைகள் பல மூடப்பட்டன. 2001இல் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அச்சுரங்கத் தொழிலாளரின் மக்கள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலை தேடிச் செல்கின்றனர். ஆலையும் சுரங்கமும் நமக்குச் சொந்தமல்ல. கற்ற கல்வி ஒன்றையே எவரும் பூட்டிடல் இயலாது.

சட்டம் நமக்குச் சில வாயில்களைத் திறந்து வைத்துள்ளது. 2002இல் செய்யப்பட்ட அரசியல் சட்டத் திருத்தத்தின்படி 6 முதல் 14 வயது வரை கல்வி உரிமையாகும். அதற்கான சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பௌத்தம் தழுவினால் பட்டியல் சாதியார்க்குரிய சலுகை போய்விடும் என்று அஞ்சுவோர் இன்னும் உளர். 1990ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டுள்ளனர். மெட்ரிக் படிப்புக்கு மேற்பட்ட உதவித் தொகையும் உண்டு. ஆனால் மனு எழுதத் தெரியாமையாலும், சான்றிதழ் காலத்தில் வாங்காமையாலும் எத்தனையோ பிள்ளைகள் வாயிற்படியிலேயே நின்று விடுகின்றனர்.

ஆதலின் இவ்வாண்டு விழாவில் நாம் செய்யத்தக்கன யாவை? ஒலிபெருக்கிக்கும் வாணவேடிக்கைக்கும் ஆகும் செலவில் பாதியைப் புத்தகத்திற்கு ஒதுக்குவோம். மராட்டிய நாட்டில் பாபாசாகேப் நினைவாக மலருக்குப் பதில் நோட்டுப் புத்தகமும் பேனாவும் கொண்டு வரும் வழக்கம் பரவியுள்ளது. அவர் பிறந்த நாளையொட்டி மாணவர் ஒன்றாய் அமர்ந்து 18 மணி நேரம் படிக்கும் வழக்கமும் உண்டு. இவற்றை நாமும் மேற்கொள்வோம். பந்தலின் ஒரு மூலையில் மேசையிட்டு, படித்த இளைஞர் இருவர் அமர்ந்து உதவித் தொகை மனுக்களை எழுதிக் கொடுக்கட்டும். சங்கக் கட்டிடத்தில் மாலை தோறும் விளக்கேற்றி, வீட்டில் இடமில்லாப் பிள்ளைகள் படிக்க வழி செய்வோம். பரேலின் ஒற்றை அறையை நினைப்போர் இதன் அருமையை அறிவர்.

எல்லாவற்றிற்கும் மேலாக, ஒவ்வொரு பெரியவரும் ஒரு பிள்ளையைத் தமதாக ஏற்பாராக. கேலுஸ்கரைப் போல, கொடுத்த புத்தகத்தோடு நில்லாது, அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அப்பிள்ளை எந்த வகுப்பில் உள்ளது என்று கேட்டுக் கொண்டே இருப்பாராக. அப்பிள்ளைகளுள் ஒருவர் நாளை எந்த நாகபுரிக்கு நம்மை அழைத்துச் செல்வாரோ, யார் அறிவர்? அறிவும் கருணையும் சமத்துவமும் நம் இல்லங்களில் ஓங்குக. பகையற்ற வாழ்வு நம் தெருக்களில் நிலவுக. யாவரும் நலமுறுக.

சாது! சாது! சாது!