பெயருக்குத் திருமுழுக்கு உண்டா?

திருத்தந்தை பதினோராம் கிளமெந்தின் தூதராகச் சீனத்துக்குப் புறப்பட்ட ஷார்ல் தொமா மய்யார் தெ துர்னோன், 1703 நவம்பரில் புதுச்சேரியில் கரையிறங்கி, உடல்நலம் குன்றிய நிலையில் அவ்வூரிலேயே பல மாதங்கள் தங்கி, மதுரைப் பணித்தளத்து இயேசு சபையாரின் நடைமுறைகளை விசாரித்து, 1704 ஜூன் 23ஆம் நாளிட்ட ஆணை ஒன்றைப் பிறப்பித்தார். 16 கூறுகள் கொண்ட அந்த ஆணை, திருமுழுக்கின்போது உமிழ்நீர் தொட்டுப் பூசும் சடங்கைக் கைவிடக்கூடாது என்றும், பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறிஸ்தவப் பெண்கள் அணியக்கூடாது என்றும் விதித்து, அன்றைய ஐரோப்பியர் தமிழகத்தை மலபார் என்றே அழைத்தமையால் ‘மலபார் சடங்குப் பூசல்’ எனப் பெயர் பெற்ற வழக்கை உரோமைவரை கொண்டுசென்று நாற்பது ஆண்டுகள் நீளச் செய்தது. உமிழ்நீரும் தாலியும் பெற்ற கவனத்தை அதே ஆணையின் இன்னொரு கூறு பெறவில்லை. திருமுழுக்குப் பெறுவோருக்கு உரோமை மறைசாட்சியர் நூலில், அதாவது திருச்சபை வணங்கும் புனிதர்களை நாள்வாரியாகக் குறிக்கும் பட்டியலில், இடம்பெற்ற பெயரையே இடவேண்டும் என்றும், விக்கிரகங்களின் பெயரையும் புறச்சமயத் துறவியரின் பெயரையும் அறவே விலக்கவேண்டும் என்றும் அது கூறியது. மனிதன் சமயம் மாறும்போது அவன் பெயர் ஏன் மாறவேண்டும், பெயர் என்பது சமயம் உடைய பொருளா என்னும் கேள்வி, சடங்குகள் பற்றிய மற்றெல்லாக் கேள்விகளையும்விட ஆழமானது.

பெயரை வெறும் அடையாளக் குறியாகக் கொள்வோருக்கு இந்த விலக்கு பொருளற்றதாகவே தோன்றும். மிலிந்த மன்னனுடன் உரையாடிய பௌத்தத் துறவி நாகசேனர், தம் பெயர் உலக வழக்கில் அழைப்பதற்கான சொல்லே அன்றி அதற்குள் நிலைத்த ஆள் எவரும் இல்லை என வாதிட்டார். அவர் வழி நின்றால் எப்பெயரும் தூயதுமல்ல, தீட்டானதுமல்ல. துர்னோனின் ஆணையோ பெயர் தானே செயல்படும் ஆற்றல் உடையது என்னும் எண்ணத்தின்மேல் எழுந்தது. இவ்வெண்ணம் தமிழ் நாட்டுக்குப் புதிதன்று. பிள்ளைகளுக்குத் திருமாலின் பெயரை இடுமாறு பெற்றோரை வற்புறுத்தி, அவ்வாறு இட்டவள் நரகம் புகமாட்டாள் என உறுதிகூறும் பதிகம் ஒன்றைப் பெரியாழ்வார் தம் திருமொழியில் பாடியுள்ளார். பாகவதம் கூறும் அசாமிளன் கதையில், பாவத்திலேயே வாழ்ந்தவன் சாகும் வேளையில் நாராயணன் என்னும் தன் மகனைக் கூப்பிட, அழைத்தது மகனையே ஆயினும் அப்பெயர் வைகுந்தத் தூதரை வரவழைத்துவிடுகிறது. உரோமைத் தூதர் இவற்றை அறிந்திருக்க வழியில்லை. அறிந்திருந்தால், தாம் அஞ்சியதும் ஆழ்வார் போற்றியதும் ஒரே ஆற்றல்தான் என்பதைக் கண்டிருப்பார். பெயருக்கு வலிமை உண்டு என்பதில் இருவரும் ஒன்றுபட்டு, யாருடைய பெயருக்கு என்பதில் மட்டுமே வேறுபட்டனர்.

ஆனால் துர்னோன் எந்தப் பட்டியலைத் தூய்மையின் அளவுகோலாக நீட்டினாரோ, அந்தப் பட்டியலே அவருடைய கொள்கைக்கு எதிரான சாட்சியாக நிற்கிறது. பாரிஸ் நகரின் காவலரான புனித தெனி கிரேக்கரின் மதுத் தெய்வமாகிய தியோனிசுவின் பெயரைத் தாங்கியவர். தூர் நகரின் ஆயராக விளங்கிய புனித மார்ட்டினின் பெயரில் உரோமரின் போர்த் தெய்வம் மார்ஸ் இருக்கிறது. எகிப்தியத் தேவி இசிசின் கொடை என்று பொருள்படும் இசிதோர் என்னும் பெயரும், தெமேத்தர் தேவிக்கு உரியவர் என்று பொருள்படும் தெமேத்திரியு என்னும் பெயரும் எவ்வித மறுப்புமின்றிப் பலிபீடத்தில் ஏறின. முருகன் என்னும் பெயரைப் புதுச்சேரியில் விலக்கிய கை, தியோனிசு என்னும் பெயரைப் பாரிசில் எழுதிக்கொண்டிருந்தது.

இம்முரண் மிகத் தெளிவாக வெளிப்படுவது ஸ்காண்டிநேவியா எனப்படும் வடபுல நாடுகளில், குறிப்பாக ஓலாஃப் என்னும் ஆண்பாற் பெயரின் வரலாற்றில். இப்பெயரின் மூல வடிவம், மூதாதையர் என்னும் பொருளுடைய சொல்லும் எஞ்சி நிற்பவன் அல்லது வழித்தோன்றல் என்னும் பொருளுடைய சொல்லும் சேர்ந்து ஆனது என்பது மொழியியலார் கருத்து. இறந்தோர் தம் மரபினரிடம் மீண்டும் தோன்றுவர் என்னும் கிறிஸ்தவத்துக்கு முந்தைய நம்பிக்கையின் சாயல் அதில் உண்டு. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் தமிழ் வழக்கத்தை அறிந்தவருக்கு அது அயலானதாகத் தோன்றாது. இப்பெயர் கொண்ட ஓலாஃப் திரிக்வசன் நார்வேயில் வாளைக் காட்டிக் கிறிஸ்தவத்தைப் பரப்பி, 1000ஆம் ஆண்டுக் கடற்போரில் மடிந்தார். அதே காலத்தில் சுவீடனை ஆண்ட ஊலோஃப் ஷோட்கோனுங் திருமுழுக்குப் பெற்ற மன்னராக விளங்கினார். இவர்கள் இருவரையும் விஞ்சியவர் ஓலாஃப் ஹரால்ட்சன். அவர் பிரான்சின் ரூவான் நகரில் திருமுழுக்குப் பெற்றார் என நார்மண்டி வரலாற்றாசிரியரும், சிறு வயதிலேயே நார்வேயில் பெற்றார் எனப் பிற்கால ஐஸ்லாந்து நூலும் கூறினும், எந்த வரலாற்றிலும் அவர் பெயர் மாறவில்லை. 1030இல் ஸ்டிக்லெஸ்டாட் போரில் தம் நாட்டாராலேயே கொல்லப்பட்ட அவரை, அடுத்த ஆண்டே ஆயர் கிரிம்கெல் புனிதர் என அறிவித்தார். இன்று ட்ரான்ட்ஹெய்ம் எனப்படும் நிடாரோசில் அவர் கல்லறை யாத்திரைத் தலமாயிற்று. ஜூலை 29 அவருக்குரிய நாளாக மறைசாட்சியர் நூலில் நுழைந்தது. மூதாதையர் வழிபாட்டின் நினைவைத் தாங்கிய சொல், எழுத்து ஒன்றும் மாறாமல் கிறிஸ்தவப் பெயராயிற்று. அதற்கு நீர் தெளித்தவர் எவரும் இல்லை. அதைத் தாங்கிய ஒருவரின் வாழ்வும், அதைவிட மிகுதியாக அவருடைய சாவுமே அம்மாற்றத்தைச் செய்தன.

மூதாதையரைக் குறித்த பெயர் தெய்வத்தைக் குறித்த பெயரைப் போன்றதன்று என்று துர்னோன் தரப்பில் மறுமொழி கூறலாம். ஐஸ்லாந்து அதற்கும் இடம் தரவில்லை. அந்நாட்டின் ஹோலாரில் 1106 முதல் 1121 வரை ஆயராக இருந்த யோன் ஒக்முண்டர்சன், வாரநாட்களின் பெயர்களில் பழந்தெய்வங்கள் குடியிருப்பதைப் பொறாமல், அவற்றை நீக்கி மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் என எண்ணால் வழங்கச் செய்தார் என்பது மரபு. ஐஸ்லாந்து மொழியில் செவ்வாயும் வியாழனும் இன்றும் அவ்வாறே வழங்குகின்றன. நாட்களிலிருந்து துரத்தப்பட்ட இடித் தெய்வமாகிய தோர், ஆட்களின் பெயர்களிலிருந்து மட்டும் வெளியேறவில்லை. அதே நாட்டில் 1193இல் மறைந்த ஆயர் தோர்லாக், தோர்ஹால் என்பவரின் மகன். தந்தை மகன் இருவர் பெயரிலும் அத்தெய்வம் அமர்ந்திருக்க, 1984இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தோர்லாக்கை ஐஸ்லாந்தின் காவலராக முறைப்படி அறிவித்தார்.

இம்முரணின் கூர்மை தமிழகக் கடற்கரைக்கு வரும்போதே முழுமையாக விளங்கும். புதுச்சேரிக்குத் தெற்கே தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டென்மார்க் அரசின் வசம் இருந்தது. அங்கே லுத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்குவின் கையால் 1718இல் திருமுழுக்குப் பெற்ற கடலூர்க்காரராகிய ஆறுமுகம், ஆரோன் எனப் பெயர் மாறி, 1733இல் இந்தியரில் முதல் சீர்திருத்தச் சபைக் குருவாக நிலைப்படுத்தப்பட்டார். டேனியக் குடும்பம் ஒன்று தன் மகனுக்கு ஓலுஃப் என்றோ, தோரின் பெயரை உள்ளடக்கிய டோர்பென் என்றோ பெயரிட்டுக் கோவிலுக்குத் தூக்கிவந்தால் எவரும் தடுக்காத அதே காலத்தில், ஆறுமுகம் ஆறுமுகமாகவே பீடத்தின்முன் நிற்க முடியவில்லை. தோரை எவரும் வணங்காத காலம் அது, முருகனோ அடுத்த தெருவில் அன்றாடம் வணங்கப்பட்டவன் என்னும் வேறுபாடு உண்மைதான். துர்னோனின் அச்சத்துக்கு உள்ள ஒரே நேர்மையான நியாயமும் அதுவே. ஆனால் அதை ஏற்றால், தீட்டு சொல்லில் இல்லை, சொல்லைச் சுற்றி வாழும் சமூகத்தில்தான் இருக்கிறது என்பதையும் ஏற்கவேண்டிவரும். அப்போது பெயரை மாற்றுவது ஒருவனை அவனுடைய உறவிலிருந்து பிரிப்பதற்கான வழியே அன்றி, பெயருக்குச் செய்யும் தூய்மைச் சடங்காகாது.

புதுச்சேரியே இதற்குச் சான்று தருகிறது. பிரெஞ்சு வாணிகக் குழுவின் தரகராக இருந்து சிறையில் 1717இல் இறந்த நைனியப்பப் பிள்ளையின் மகன் குருவப்பப் பிள்ளை, நீதி கேட்டுப் பாரிசுக்குச் சென்று, அங்கே கிறிஸ்தவராகி, அன்றைய பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளரான ஓர்லெயான் கோமகன் பிலிப்பையே ஞானத்தந்தையாகப் பெற்று, செவாலியே பட்டத்துடன் ஊர் திரும்பித் தந்தையின் பதவியை ஏற்றார். ஞானத்தந்தையின் பெயரும் அவர் பெயரில் ஏறியது. எனினும் முன்னால் நின்ற பிரெஞ்சுப் பெயர்களுக்குப் பின்னால் குருவப்பன் என்பது நீங்காமல் நின்றது. செல்வாக்குள்ளோருக்கு விதி இளகுவது எந்தச் சமயத்திலும் புதுமையன்று. புனித ஓலாஃபின் மகனுக்கு அவசரத் திருமுழுக்கு அளிக்கச் செய்த அரசவைக் கவிஞர், பேரரசர் ஷார்லமாஞின் பெயரோடு ஒட்டிவந்த ‘பெரிய’ என்னும் இலத்தீன் அடைமொழியையே மாக்னுஸ் என்று பெயராக இட்டதும், அது வடநாட்டரசர்களின் பெயராக நிலைத்ததும் இதனோடு ஒப்பிடத்தக்கவை. புனிதரைத் தேடியவர்களைப் போலவே பேரரசரைத் தேடியவர்களும் இருந்தனர்.

பெயர் ஒன்றானால் பிரிவு மறையும் என்னும் எதிர்பார்ப்பும் நிறைவேறவில்லை. புனிதரின் பெயரையே அனைவரும் தாங்கிய பின்னும், சம்பா கோவில் என மக்கள் வழங்கும் புதுச்சேரித் தேவாலயத்தினுள் சாதிக் கிறிஸ்தவரையும் பறையர் கிறிஸ்தவரையும் பிரித்த சுவர் ஒன்று இருந்ததையும், 1745இல் அது இடிக்கப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பையும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பதிந்துள்ளது. சட்டமும் திருமுழுக்கைப் பொருட்படுத்தவில்லை. இந்தியரை அவரவர் சாதி வழக்கப்படியே நடத்துவதாக பிரெஞ்சு அரசு அளித்த உறுதிமொழியால், கிறிஸ்தவரும் அவ்வழக்கங்களுக்கே கட்டுப்பட்டிருந்தனர். 1873இல் காலுறையும் காலணியும் அணிந்து நீதிமன்றத்தில் தோன்றியதற்காகத் தண்டிக்கப்பட்டு, பாரிஸ் உச்ச நீதிமன்றம்வரை சென்று வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை முன்னின்று வேண்டியதன் தொடர்ச்சியாக, 1881 செப்டம்பர் 21ஆம் நாளிட்ட ஆணை, இந்தியர் தம் மரபுவழிச் சட்டநிலையைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின்கீழ் வர வழிவகுத்தது. அவ்வாறு துறந்தோர் ‘ரெனோன்சான்’ எனப்பட்டனர். அவர்களுள் கிறிஸ்தவர் கணிசமானோர். துறவு மீட்கமுடியாததாகவும், மனைவியையும் வயதுவராத பிள்ளைகளையும் கட்டுப்படுத்துவதாகவும் இருந்ததோடு, துறப்பவர் குடும்பப்பெயர் ஒன்றைச் சூட்டிக்கொள்ளவும் வேண்டியிருந்தது. பொன்னுத்தம்பி, வாயில் என்னும் பொருளுடைய லபோர்த் என்னும் பெயரை எடுத்துக்கொண்டார். குரு செய்யமுடியாததைப் பதிவு அலுவலர் செய்யத் தொடங்கிய இவ்விடத்தில், பெயர் மாற்றம் வீட்டுலகை விட்டுத் துறவுக்குப் போகிறவர் பெயர் மாற்றுவதன் உலகியல் வடிவமாகவே அமைந்தது. அதை எதிர்த்த மரபுவாத அரசியல் தலைவர் சண்முக வேலாயுத முதலியாரின் அணியினர், பெயரோடு சேர்ந்து தம் அதிகாரமும் கரையும் என்பதை நன்கு உணர்ந்திருந்தனர்.

அரசு பெயரைத் தன் தேவைக்கு ஆள்வதை வடபுலமும் கண்டது. சுவீடனிடமிருந்து நார்வே 1905இல் பிரிந்தபோது, அரியணைக்கு அழைக்கப்பட்ட டேனிய இளவரசர் கார்ல், ஹாக்கோன் என்னும் பழைய பெயரை ஏற்றார். அவருடைய இரண்டு வயது மகன் அலெக்சாண்டர் ஒரே நாளில் ஓலாவ் ஆனார், பின்னர் 1957 முதல் 1991 வரை ஐந்தாம் ஓலாவாக ஆண்டார். புனிதரின் சாவு பெயருக்கு ஈட்டிக்கொடுத்த மதிப்பைப் புதிய அரசமரபு கடனாகப் பெற்றது. 1986இல் சுட்டுக்கொல்லப்பட்டவரும் டெல்லியில் தம் பெயரில் ஒரு சாலை உடையவருமான சுவீடன் பிரதமர் ஊலோஃப் பால்மேயின் காலத்தில், இப்பெயரில் புனிதரையோ மூதாதையரையோ எவரும் தேடவில்லை.

துர்னோனின் ஆணையைத் திருத்தந்தை பதினான்காம் பெனதிக்து 1744இல் தம் ஆணைமடலால் பெரும்பாலும் உறுதிசெய்தார். அடுத்த ஆண்டு மே மாதம், நட்டாலத்தில் பிறந்து திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை, வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். சிவனைக் குறித்த அவர் பெயர் கைவிடப்பட்டு, விவிலியத்து லாசர் என்னும் பெயர் தரப்பட்டது. அது ‘கடவுள் உதவினார்’ என்னும் பொருளுடையதாகையால், தேவசகாயம் எனத் தமிழர் நாவுக்கு ஏற்ற வடிவில் வழங்கியது. பவுலைச் சின்னப்பராகவும் யோவானை அருளப்பராகவும் ஆக்கியதும், தேம்பாவணியில் யோசேப்பை வளன் ஆக்கியதும் இதே வழிமுறைதான்: பட்டியலை மீறாமலே பட்டியலின் அயல்தன்மையைக் கரைக்கும் தந்திரம் அது. தேவசகாயம் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது, ‘பிள்ளை’ என்னும் சாதிப் பின்னொட்டுக்கு எழுந்த எதிர்ப்பை ஏற்று வத்திக்கான் அதை நீக்கி, தேவசகாயம் என்று மட்டுமே அறிவித்தது. அந்நாள் முதல், புதுச்சேரியில் பிறக்கும் குழந்தைக்குத் தேவசகாயம் என்று பெயரிடும் பெற்றோர், மொழிபெயர்ப்பின் வழியாக அன்றி நேரடியாகவே துர்னோனின் விதியை நிறைவேற்றுகின்றனர். அச்சொல்லைப் புனிதர் வரிசையில் ஏற்றியது 1745இல் வடக்கன்குளத்தில் ஊற்றிய நீரா, ஏழாண்டுகள் கழித்துக் காற்றாடி மலையில் பாய்ந்த குண்டா என்பதை ஓலாஃபின் வரலாற்றை அறிந்தவர் எளிதில் சொல்லிவிடுவர்.