தாளம் வேணும், ஆள் வேணாமா?

கொரியப் பாட்டு மொழிகளுக்கிடையே பாலம் என்கிறார்கள். ஒரு சொல்லும் புரியாமல் நானும் கேட்கிறேன், மறுக்க மாட்டேன். அந்தப் பாலத்துல யாரை நடக்க விடுறாங்க என்பதுதான் என் கேள்வி.

1992இல் சோ தைஜி குழு கொரிய மொழியில் ராப் பாடிப் பெரும்புகழ் பெற்றது. ராப், நியூயார்க்கின் ப்ராங்க்ஸ் பகுதியில் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள் வளர்த்தது. அதற்கு வெகுகாலம் முன்பே அமெரிக்கப் படைமுகாம்கள் வழியாகக் கறுப்பர் இசை கொரியாவுக்குள் வந்துவிட்டது. அந்த முகாம்களின் காலத்துப் பிள்ளைதான் 1957இல் பிறந்த பாடகி இன்சுனி. அம்மா கொரியர், அப்பா கறுப்பினப் படைவீரர். 1978இல் பாட வந்தார். குரல் வேணும், சுருட்டை முடி மட்டும் ஆகாது. தொலைக்காட்சியில் தொப்பி போட்டு மறைக்க வேண்டியிருந்தது. ஒரு சனத்தோட தாளத்தை எடுத்துக்கிட்டு, அதே சனத்தோட முடியைப் பார்த்து முகம் சுளிப்பதற்கு என்ன பேர்? ரசனையா?

2020இல் பிடிஎஸ் குழுவும் அதன் நிறுவனமும் அமெரிக்கக் கறுப்பர் உரிமை இயக்கத்துக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தார்கள். ரசிகர்களும் உடனே அதே அளவு திரட்டினார்கள். நல்ல காரியம். ஆனா அது கடல் கடந்து போன காசு. உள்ளூரில், பெற்றோரில் ஒருவர் வேற்றுநாட்டவரான பிள்ளைகள் படிக்கவென்று ஹோங்ச்சோனில் இன்சுனியே ஒரு பள்ளி தொடங்க வேண்டியிருந்தது, 2013இல்.