அபயதானமும் மீன்தொட்டியும்

 

பணி ஓய்வுக்குப் பின் காரைக்குடியை அடுத்த அமராவதிபுதூரில் வாழ்ந்து வருகிறேன். நம் சமயத்தார் மிகவும் அருகிய இவ்வூரில், ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் என்னிடம் பயின்றவர்களே எனக்கு உற்றார் உறவினர். அவர்களுள் ஒருவர் அண்மையில் நண்பர் மூவருடன் என் இல்லத்திற்கு வந்தார். அலங்கார மீன் வளர்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டு சிறு மன்றம் அமைத்திருப்பவர்கள் இவர்கள். "ஆதரவற்ற குழந்தைகள் இல்லம் ஒன்றிற்கு மீன்தொட்டி நன்கொடையாகக் கொடுக்கலாம் என்றிருக்கிறோம், டீச்சர். நீங்கள் வந்து குத்துவிளக்கேற்றி, நாலு வார்த்தை பேச வேண்டும்" என்றார் மாணவர்.

தொட்டியின் அளவையும் மகிழ்ச்சியோடு கூறினார். நீளம் 4 அடி, அகலம் 1½ அடி, உயரம் 1½ அடி. காற்றுக் குழல், வடிகட்டி, வண்ண விளக்கு எல்லாம் உண்டு. நான் உடனே இசையவில்லை. "ஒரு வாரம் பொறுத்துக்கொள், தம்பி" என்று கூறி அனுப்பினேன். அவ்வொரு வாரம் எண்ணிப் பார்த்து அவர்களிடம் கூறியவற்றையே இங்கு உங்கள் முன் வைக்கிறேன். நம் குடும்பங்கள் சிலவற்றிலும் வரவேற்பறையில் மீன்தொட்டி இடம் பெற்றுவிட்டதைக் காண்கிறேன். ஆதலின் இது நமக்கும் உரிய செய்தியே.

முதற்கண் அவ்விளைஞர்களின் உள்ளம் போற்றத்தக்கது. இது கொடைக்குப் பேர்போன மண். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வருதற்பொருட்டு 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்த வள்ளல் அழகப்பர் வாழ்ந்த ஊர்ப்புறம் இது. தாய் தந்தையரை இழந்த குழந்தை, பள்ளி விட்டு வந்து, நீந்தும் மீன்களைப் பார்த்துச் சிறிது நேரம் துயர் மறக்கட்டும் என்று எண்ணிய நெஞ்சில் தீங்கு ஏது?

ஆயின் தானத்தின் சிறப்பை நம் ஆசாரியர்கள் உள்ளத்தைக் கொண்டு மட்டும் அளந்தாரில்லை. உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் தானத்தின் மேன்மைக்கு நான்கு காரணங்களைக் காட்டுகிறார். கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவர், ஏற்பவர் என்பனவே அவை. இந்நான்கையும் கொண்டு இக்கொடையை ஆராய்வோம். கொடுப்பவர் நல்லவர். ஏற்பவரோ ஆதரவற்ற குழந்தைகள். முறையும் அன்பும் மரியாதையும் கூடியது. எஞ்சுவது பொருள். கண்ணாடியும் குழலும் விளக்கும் பொருள்கள்தாம், ஐயமில்லை. மீன் பொருளா?

நம் ஆகமம் மீனை ஐம்பொறியும் உடைய உயிராக, நீரில் வாழும் விலங்குகதியைச் சார்ந்ததாக வைத்துள்ளது. உற்றறிதல், சுவைத்தல், முகர்தல், காணல், கேட்டல் ஆகிய ஐந்தும் அதற்கு உண்டு. ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் அபயதானத்தை ஏற்கும் தகுதி உடையது அது. ஏற்க வேண்டிய ஒன்றையே கொடுக்கும் பொருளாக்கிவிடுகிறோம். இக்கொடையில் நான் கண்ட குறை இது ஒன்றே.

இதனைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டோ என்று உள்ளம் உறுத்தியது. ஏனெனில் இப்பிழையை நானே செய்திருக்கிறேன். 1978ஆம் ஆண்டு, பயிற்சிப் பள்ளியோடு இணைந்த மாதிரிப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு இயற்கைப் பாடம் நடத்த, கண்ணாடிக் குடுவை ஒன்றில் இரண்டு பொன்மீன்களை வாங்கி வைத்தேன். பாடம் சிறந்தது; பார்வையிட வந்த அதிகாரியும் பாராட்டினார். பொங்கல் விடுமுறை வந்தது. குடுவையை மறந்து நான் ஊருக்குச் சென்றுவிட்டேன். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது நீர் கலங்கி நாறியது, இரண்டும் மிதந்தன. பிள்ளைகள் வருமுன் அப்புறப்படுத்த முயன்றேன். அதற்குள் ஒரு சிறுமி உள்ளே வந்துவிட்டாள். குடுவையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "டீச்சர், நமக்கெல்லாம் லீவு விட்டாங்களே, அதுக்கு மட்டும் லீவு கிடையாதா?" என்று கேட்டாள். எத்தனையோ ஆசிரியர்களுக்கு வினாக் கேட்கும் முறையைக் கற்பித்தவள் நான். அவ்வினாவிற்கு இன்றுவரை என்னிடம் விடையில்லை.

"கொல்லவில்லையே, வளர்க்கத்தானே செய்கிறோம்" என்று கேட்பவர் உண்டு. இல்லறத்தாரின் கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை நம் நூல்கள் கூறுகின்றன. கட்டுதல் அல்லது அடைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழிவந்த நம் அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்கு இவ்விரதத்தைத் தெளிவுற வகுத்துரைக்கின்றன. இவ்வைந்தனுள் முதலில் நிற்பது அடைத்தல் என்பதைக் கருத வேண்டும். உயிர் போகாவிடினும் விரதம் மாசுறும் என்பதே இதன் கருத்து.

அத்தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிட்டுப் பார்த்தேன். 9 கன அடி. ஏறத்தாழ 250 லிட்டர். மீனின் கழிவு நீரிலேயே கரைந்து அம்மோனியா என்னும் நஞ்சாகிறது. அதனை மாற்றும் நுண்ணுயிர்கள் புதிய தொட்டியில் பெருகச் சில வாரங்கள் ஆகும். விழா நாளன்று நீர் நிரப்பி அன்றே மீன் விட்டால், முதல் மாதத்திலேயே பல மடியும். குழாய் நீரிலுள்ள குளோரினும் தீங்கு செய்யும். மின்சாரம் நின்றால் காற்றுக் குழல் நின்றுவிடும். உணவோ எனின், சிலவகை மீன்களுக்கு உயிருள்ள புழுக்களைப் போடுகின்றனர். அரவானா போன்ற பெருமீன்களுக்குச் சிறு மீன்களையே இரையாக்குகின்றனர். கடையில் விற்கும் உணவுருண்டைகளிலும் பெரும்பாலும் மீன்தூள் கலந்திருக்கும். ஓர் உயிரைக் காட்சிக்கு வைக்கப் பல உயிர்கள் மடிய வேண்டியுள்ளது. நாம் பிடிக்காமல், கடையில் வாங்கினோம் என்பதும் விடையாகாது. செய்தல், செய்வித்தல், உடன்படல் மூன்றும் வினையைக் கொணரும் என்பது பகவானின் அறவுரை.

இங்கு மிருகசேனன் கதையை நினைவு கூர்வோம். அவன் மீன் பிடித்து வாழ்பவன். முனிவர் ஒருவரை வணங்கி விரதம் வேண்டினான். அவன் நிலையறிந்த முனிவர், வலையில் முதலில் அகப்படும் மீனை மட்டும் கொல்லாது விட்டுவிடுமாறு பணித்தார். அன்று முதலில் அகப்பட்ட மீனுக்கு அடையாளமாகத் துணித்துண்டு ஒன்றைக் கட்டி ஆற்றில் விட்டான். மீண்டும் வலை வீசினான், அம்மீனே வந்தது. ஐந்து முறை வீசினான்; ஐந்து முறையும் அதுவே வந்தது; ஐந்து முறையும் விட்டான். வெறுங்கையோடு வீடு திரும்பியவனை மனைவி உள்ளே விடவில்லை. வெளியே உறங்கியவன் பாம்பு தீண்டி இறந்தான். மறுபிறப்பில் தனகீர்த்தியாகப் பிறந்து, ஐந்து முறை சாவின் வாயினின்று காக்கப்பட்டான் என்று நம் கதைநூல் கூறுகிறது. அவன் துறவியல்லன், தொழிலால் கொலைஞன். தன்னால் இயன்ற ஒரே ஒரு மீனுக்கு அபயம் தந்தான். வயிற்றுப் பிழைப்பிற்காக வலை வீசியவனே அவ்வளவு செய்தான் எனில், வெறும் பொழுதுபோக்கிற்காக மீன் வளர்க்கும் நாம் எவ்வளவு செய்யலாம்!

இதனைக் கேட்ட மாணவர் ஒரு வினா எழுப்பினார். "அப்படியானால் எங்கள் வீட்டில் இருக்கிற மீன்களையெல்லாம் ஊருணியில் விட்டுவிடலாமா, டீச்சர்?" நல்ல வினா. கூடாது என்றேன். அவற்றுட் பல அயல்நாட்டு மீன்கள். தொட்டியின் பாசியைத் தின்னும் என்று விற்கப்படும் சக்கர் மீன் தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. இன்று நம் நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் பரவி, உள்ளூர் மீன்களின் வாழ்விடத்தைக் கெடுத்து வருகிறது. மென்மையான சிறு மீன்களோ விட்ட அன்றே பிறவற்றிற்கு இரையாகும். ஆராயாது விடுவிப்பது அபயதானமாகாது. நம் பொறுப்பைக் கைகழுவுவதே ஆகும். கருணைக்கு அறிவும் துணை வேண்டும். நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் மூன்றையும் சேர்த்தே மும்மணி என்றனர் நம் முன்னோர்.

அவ்வாறாயின் குழந்தைகளுக்கு எதனைக் காட்டுவது? நம் சிவகங்கை மாவட்டத்திலேயே விடை இருக்கிறது. திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் 1977இல் அமைக்கப்பட்டது. தொலைதூரத்திலிருந்து பறவைகள் அங்கு வந்து கூடு கட்டுகின்றன. அவை அஞ்சி ஓடாதிருக்க, கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அவர்கள் சமணர் அல்லர். விரத நூல்களைப் பயின்றவரும் அல்லர். எனினும் தம் பிள்ளைகளின் ஒரு நாள் மகிழ்ச்சியை அடக்கிக்கொண்டு பறவைகளுக்கு அபயம் தருகின்றனர். கூண்டு இல்லை; கம்பி இல்லை; பறவையும் இருக்கிறது, பார்ப்பவர் மகிழ்ச்சியும் இருக்கிறது.

புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் விதானத்தில் நம் முன்னோர் தீட்டிய தாமரைக் குளத்தையும் நினைத்துப் பாருங்கள். மீன்களும் அன்னங்களும் யானைகளும் ஒரே நீரில் உலவுகின்றன. பவ்வியர் மலர் கொய்கின்றனர். ஒருவர் கையிலும் தூண்டில் இல்லை. சமவசரணத்தின் அருகே எவ்வுயிரும் அச்சமின்றி வாழும் என்பதை ஓவியர் ஒரு குளத்தைக் கொண்டே உணர்த்திவிட்டார்.

இளைஞர்களிடம் மூன்று செய்திகளைக் கூறினேன். இவ்வில்லத்திற்காகப் புதிய மீன் எதனையும் வாங்க வேண்டா. சேர்த்த பணத்தில் குழந்தைகள் பருகும் நீருக்கு நல்ல வடிகட்டி ஒன்று வாங்கித் தரலாம். நீரை வடிகட்டிப் பருகுதல் நம் ஒழுக்கத்தின் முதற்படி. பறவைகள் வரும் பருவத்தில் குழந்தைகளை வேட்டங்குடிக்கு அழைத்துச் செல்லலாம்.

ஒருவர் முகம் வாடியது. "பிள்ளைங்ககிட்ட மீன் வரும்னு சொல்லிட்டோமே, டீச்சர்" என்றார். அவ்வருத்தம் மெய்யானது, எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. "மீன் ஏன் வரவில்லை என்பதை நானே வந்து அவர்களிடம் கூறுகிறேன். வீட்டையும் பெற்றோரையும் பிரிந்திருக்கும் துயரை அறிந்த குழந்தைகள் அவர்கள். நம்மைவிட விரைவில் புரிந்துகொள்வார்கள்" என்றேன். மன்றத்தில் கலந்து முடிவு செய்வதாகக் கூறிச் சென்றனர். நீர் வடிகட்டிக்கு விலை விசாரித்திருப்பதாக மறுவாரம் மாணவர் கூறினார். தொட்டியைப் பற்றி இன்னும் இருவேறு கருத்து நிலவுகிறதாம். நிலவட்டும், அறம் வற்புறுத்தலால் வளர்வதன்று.

சாவக சாவகியரே! உங்கள் இல்லத்தில் ஏற்கெனவே மீன்கள் இருப்பின் அவற்றை வெறுத்து ஒதுக்காதீர்கள், குளத்திலும் கொட்டாதீர்கள். இனிப் புதிதாக வாங்குவதில்லை என்று பகவான் திருமுன் உறுதி கொள்ளுங்கள். உயிருள்ள இரை போடுவதை நிறுத்துங்கள். தாவர உணவு ஏற்கும் மீன்களுக்கு அதனையே அளியுங்கள். இருக்கும் உயிர்களை அவற்றின் ஆயுள் முடியும் மட்டும் நெருக்கமின்றி, தூய நீரில் காத்து வாருங்கள். நன்கு பேணினால் பொன்மீன் பத்தாண்டுகளுக்கு மேலும் வாழும். அத்தனை ஆண்டுகள் பொறுப்போடு காப்பதே நாம் அடைத்து வைத்ததற்குச் செய்யும் கழுவாய். தொட்டி ஒருநாள் வெறுமையாகும்போது அதனை வெறுமையாகவே விடுங்கள்.

மணக்கோலத்தில் சென்ற நேமிநாத சுவாமி, விருந்திற்காக அடைத்து வைக்கப்பட்ட விலங்குகளின் குரல் கேட்டுத் தேரைத் திருப்பினார். விலங்கின் குரல் நம் செவிக்கு எட்டும். மீனின் குரலோ எட்டுவதில்லை. அதனால்தான் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அச்சிறுமி கேட்ட வினாவை உங்கள் இல்லக் குழந்தைகளிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவர்கள் கூறும் விடையே உங்களுக்கு வழிகாட்டும்.

எல்லா உயிரும் அச்சமின்றி வாழ்க! ஜின தருமம் ஓங்குக!