எந்தக் கிதாபில் இருக்கிறது?

 

ரமளான் பிறைக்குச் சில நாட்கள் இருக்கும்போது ஆண்டுதோறும் நம் கைபேசிக்கு ஒரு செய்தி வந்து சேரும். இந்த மாதம் வருவதை யார் முதலில் பிறருக்கு அறிவிக்கிறாரோ அவர் மீது நரகம் ஹராமாகிவிடும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக அதில் எழுதியிருக்கும். கீழே பச்சைக் குப்பாவின் படம். அதற்கும் கீழே, குறைந்தது பத்துப் பேருக்கு அனுப்பும்படி ஒரு கட்டளை. ரஜபுக்கும் ரபீஉல் அவ்வலுக்கும் இதே வாசகம்தான், மாதத்தின் பெயர் மட்டும் மாறும்.

நாமும் அதை ஒருமுறை அனுப்பியிருக்கிறோம். மறைப்பானேன்? லுஹர் தொழுதுவிட்டுப் பள்ளித் திண்ணையில் உட்கார்ந்தபடியே குடும்பத்தார் குழு, முஹல்லா குழு, பழைய மாணவர் குழு என மூன்று வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பினோம். ஏதோ நன்மை செய்துவிட்ட திருப்தி வேறு!

அஸருக்குள் முஹல்லா குழுவிலிருந்த இளம் ஆலிம் ஒருவர் நமக்குத் தனியாக ஒரே வரி எழுதினார்: "இது எந்தக் கிதாபில் இருக்கிறது, காக்கா?"

தேடினோம். ஹதீஸ் கிதாபுகள் எதிலும் அகப்படவில்லை. ஆதாரமில்லாத இட்டுக்கட்டு என்று உலமாக்கள் பலமுறை எழுதியிருப்பதுதான் அகப்பட்டது. அவசர அவசரமாக மூன்று குழுக்களிலும் அழித்தோம். அதற்குள் நம் மாமி அதைத் தம்முடன் ஓதும் பெண்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டிருந்தார். "நீங்க அனுப்பினதாலே சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன் மருமகனே" என்றார். அந்தச் சொல் நம்மைச் சுட்டது.

"நாம் இட்டுக்கட்டவில்லையே, வந்ததைத்தானே அனுப்பினோம்" என்று நஃப்ஸு சமாதானம் சொல்லிற்று. இந்தச் சமாதானம் மார்க்கத்தில் செல்லாது. தம் மீது வேண்டுமென்றே பொய்யுரைப்பவன் நரகத்தில் தன் இருப்பிடத்தைத் தேடிக்கொள்கிறான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ், எண்ணற்ற ஸஹாபாக்கள் வழியாக வந்திருப்பது. காதில் விழுந்ததையெல்லாம் ஆராயாமல் எடுத்துச் சொல்வதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதுமானது என்ற கருத்தில் இன்னொரு ஹதீஸை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் நூலின் முன்னுரையில் வைத்திருக்கிறார்கள். அங்கே பேச்சு இட்டுக்கட்டியவனைப் பற்றியதன்று, கடத்தியவனைப் பற்றியது.

நம் முன்னோர் இதை எவ்வளவு அஞ்சினார்கள்! ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரேயொரு ஹதீஸை, அதை நாயகத்திடம் நேரில் கேட்டவர் வாயிலாகவே கேட்க விரும்பினார்கள். அவரோ ஷாம் தேசத்தில் இருந்தார். ஒட்டகம் ஒன்றை விலைக்கு வாங்கி, ஒரு மாத காலம் பயணம் செய்து, அப்துல்லாஹ் பின் உனைஸ் (ரலி) அவர்களின் வாசலில் போய் நின்றார்கள். இந்தப் பயணத்தை இமாம் புகாரியும் குறிப்பிடுகிறார்கள். ஒரு ஹதீஸுக்கு ஒரு மாதம்! நமக்கு ஒரு நொடி போதுமாயிருக்கிறது.

இந்த நோய் கைபேசியோடு பிறந்ததல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். மதீனாவில் ரவ்ளா ஷரீபின் பணியாளர் ஷைகு அஹ்மது என்பவர் கண்ட கனவு என்று ஒரு கடிதம் சுற்றிக்கொண்டிருந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நகலெடுத்துப் பரப்பினால் செல்வம் வரும், பரப்பாதவனுக்குக் கேடு வரும் என்று அதில் மிரட்டல் இருக்கும். அஞ்சி நோட்டீஸ் அடித்து வினியோகித்தவர்கள் எத்தனை பேர்! அது அப்பட்டமான பொய் என்று, 1999-ல் மறைந்த சவூதி முஃப்தீ ஷைகு பின் பாஸ் அவர்கள் தனியே மறுப்பு எழுதினார்கள். ஆனாலும் அன்று ஒரு நகலுக்குக் காகிதமும் மையும் காசும் வேண்டியிருந்தன. அந்தச் சிரமமே ஓரளவு வேலியாக நின்றது. இன்று அந்த வேலி இல்லை.

வாட்ஸ்அப்பில் சில செய்திகளின் தலையில் இரட்டை அம்புக்குறி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து முறையோ அதற்கு மேலோ கைமாறி வந்த செய்தி என்பது அதன் பொருள். 2020 ஏப்ரல் முதல் அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஒரு குழுவுக்கோ ஒரு நபருக்கோ மட்டுமே அனுப்ப முடியும். பல கை மாறியது என்று அம்பு சொல்லும், எவர் கை என்று சொல்லாது. முஹத்திஸீன்களோ அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் பெயர், ஊர், நாணயம், நினைவாற்றல் எல்லாவற்றையும் விசாரித்தார்கள். நடுவில் ஒருவர் இன்னாரென்று தெரியாவிட்டால் அந்த அறிவிப்பை ஏற்கத் தயங்கினார்கள். நடுவில் ஒருவரையுமே தெரியாத செய்தியை நாம் 'ஸுப்ஹானல்லாஹ்' என்று எழுதி அனுப்புகிறோம்.

இந்தக் கட்டுப்பாடுகள் சும்மா வந்தவையல்ல. 2018 மே மாதம், குலதெய்வக் கோயிலுக்காகச் சென்னையிலிருந்து உறவினரோடு திருவண்ணாமலை மாவட்டத்திற்குப் போன ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பியிருந்த கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அதே ஆண்டு ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் இதே வதந்தியால் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். அந்த மாதத்தில்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து இடங்களுக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி அந்நிறுவனம் தடுத்தது. கொண்டுவருபவன் நம்பத்தகாதவனென்றால் செய்தியைத் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள் என்ற பொருளில் ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாவது வசனம் கட்டளையிடுகிறது. அந்த வதந்தியை அனுப்பியவர்களில் எத்தனை பேர் பிள்ளைகள் மீதுள்ள பாசத்தால் நல்லெண்ணத்தோடு அனுப்பினார்களோ, அல்லாஹ்வே அறிவான்.

அழித்துவிட்டோமே, போதாதா என்று அந்த ஆலிமிடம் கேட்டோம். ஸூரத்துல் பகராவின் 160-வது வசனத்தை எடுத்து ஓதினார். மார்க்கத்தை மறைத்தவர்களுக்கு அங்கே மன்னிப்பு கூறப்படும்போது, தவ்பாவோடு சீர்திருத்திக்கொள்வதும் பகிரங்கமாகத் தெளிவுபடுத்துவதும் சேர்த்தே சொல்லப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார்.

வெட்கமாகத்தான் இருந்தது. "நாம் அனுப்பியது ஹதீஸ் அல்ல, ஆராயாமல் அனுப்பிவிட்டோம், யாருக்கேனும் அனுப்பியிருந்தால் அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்" என்று மூன்று குழுக்களிலும் எழுதினோம். முந்தைய செய்திக்கு 'ஆமீன்' போட்டவர்களில் பாதிப்பேர்கூட இதற்குப் பதில் போடவில்லை. மாமி மட்டும், தாம் அனுப்பிய அத்தனை பெண்களுக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்து சொன்னார். அதற்கு அவருக்கு இரண்டு நாள் பிடித்தது.

அடுத்த ரமளானுக்கு முன்பும் அதே செய்தி, இரட்டை அம்போடு, பழைய மாணவர் குழுவுக்கு வந்தது. அனுப்பியவர் நம்மோடு படித்தவர். குழுவில் எல்லார் முன்னிலும் கேட்கவில்லை, தனியாகத்தான் எழுதினோம்: "எந்தக் கிதாபில் இருக்கிறது?"