கட்டுரையும் நியாயமும்

நமது பிள்ளைகள் பள்ளியில் எழுதும் கட்டுரையைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றோம். இஃது உபாத்தியாயர்கள் மாத்திரம் கவனிக்க வேண்டிய விஷயமென்று சிலர் எண்ணலாம். நாம் அவ்வாறு எண்ணவில்லை. பிள்ளைக்கு வாதம் செய்யக் கற்பிப்பதா, பிறர் செய்த வாதத்தை ஒப்பிக்கக் கற்பிப்பதா என்பது ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வியேயாகும்.

இன்று பெரும்பாலும் நடப்பது யாது? பரீட்சை நெருங்கியதும் மாதிரிக் கட்டுரைகள் கொடுக்கப்படுகின்றன. பிள்ளை அவற்றை உருப்போடுகின்றது. முன்னுரை, பழமொழி, முடிவுரை யாவும் இரவல். கையெழுத்து ஒன்றே சொந்தம். தமிழில் பின்தங்கிய பிள்ளைக்கு நல்ல வாக்கியங்களை மனனம் செய்வது ஊன்றுகோலாகும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வாக்கியத்தை மனனம் செய்வது வேறு. முடிவை மனனம் செய்வது வேறு. தான் ஆராயாத முடிவைத் தன் அபிப்பிராயமென்று எழுதிப் பழகியவன், நாளை எவன் உரக்கப் பேசுகின்றானோ அவனுடைய சொல்லையே தன் சொல்லாகக் கொள்வான்.

இப்பழக்கத்திற்கு நம்மிடம் ஒரு பழைய காரணமும் உண்டு. 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டுமென்று 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்பள்ளிகள் பலவற்றில் கங்காணியோ கிராணியோதான் பாடம் சொன்னார். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் வேலை ஏவியவரே பகலில் கற்பித்த இடத்தில் 'ஏன்?' என்னும் சொல்லுக்கு இடமேது?

சரி, வாதக் கட்டுரையை எவ்விதம் கற்பிப்பது? நம் கண்முன் உள்ள ஒரு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். பேராக்கில் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்பு நிலங்களாகவும் மாறிவிட்டன. குடும்பங்கள் ஈப்போ முதலிய நகரங்களுக்குக் குடிபெயர்ந்தன. பள்ளி மட்டும் பழைய இடத்தில் நிற்கின்றது. 150க்குக் குறைவான மாணவருள்ள பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று கல்வி அமைச்சு வகைப்படுத்துகின்றது. அத்தகைய தோட்டப் பள்ளியை நகரத்திற்கு மாற்றலாமா? இதுவே தலைப்பாகட்டும்.

முதலாவது, கேள்வி கட்டடத்தைப் பற்றியதா, பிள்ளைகளைப் பற்றியதா என்பதை ஒரே வரியில் எழுதச் சொல்லுக. இரண்டாவது, தாளை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுக. ஒரு பக்கம்: வண்டி வசதியில்லாத சில குடும்பங்கள் இன்னும் அங்கே உள்ளன, தோட்டம் போனபின் எஞ்சிய பொதுச்சொத்து அப்பள்ளி ஒன்றே. மறுபக்கம்: இரண்டு வகுப்புப் பிள்ளைகள் ஓர் அறையில் படிக்க நேரிடுகின்றது, நகரத்துப் பிள்ளைகளோ அருகில் தமிழ்ப் பள்ளியின்றி வேறு பள்ளிக்குப் போகின்றனர். மூன்றாவது, எதிர்க்கட்சியின் மிகவும் பலமான காரணத்தை, எதிர்க்கட்சிக்காரனே 'ஆம், நான் சொன்னது இதுதான்' என்று ஒப்பும்படி எழுதச் சொல்லுக. அதற்குப் பதில் உண்டாயின் கூறட்டும். இல்லையாயின் அதை ஒப்புக்கொண்டு தன் முடிவைத் திருத்தட்டும். முடிவுரை இவற்றிற்குப் பின்னரே பிறக்க வேண்டும்.

இது மேனாட்டுச் சரக்கன்று. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூல் செய்வோன் மேற்கொள்ளும் மதங்கள் ஏழு என்கின்றது. பிறர் கொள்கையை முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதலும், இருவர் மாறுபட்டவிடத்து ஒன்றைத் துணிதலும் அவற்றுள் அடங்கும். அவ்வேழில் முதலாவது உடன்படல். அதன் பின்னரே மறுத்தல் என்பதை வாசகர்கள் கவனிப்பார்களாக.

'வாதம் கற்ற பிள்ளை பெரியோர்க்கு அடங்காதே' என்று சிலர் அஞ்சுவர். நமது சங்கக் கூட்டங்களிலும் கோயில் கூட்டங்களிலும் நாற்காலி பறப்பது வாதம் கற்றதனாலா, கல்லாததனாலா என்று கேட்கின்றோம். பிறன் பக்கத்து நியாயத்தைத் தன் கையால் எழுதிப் பார்த்தவனுக்கு அடக்கம் தானே வரும்.

ஆதலின் உபாத்தியாயர்களை நாம் வேண்டிக்கொள்வது ஒன்றே. மாதம் ஒரு கட்டுரையாவது மாதிரியின்றி எழுதுவியுங்கள். பிழை மலிந்திருப்பினும் அது பிள்ளையின் சொந்தச் சொல்லாயிருக்கும். பெற்றோரே, வீட்டில் அதை வாசிக்கச் சொல்லி, 'இதற்கு மாறாக நினைப்பவர் என்ன சொல்லுவர்?' என்று கேளுங்கள். அக்கேள்வியைக் கேட்கப் படிப்பு வேண்டியதில்லை. பிள்ளையின் பதிலைக் கேட்கும் பொறுமையே வேண்டும்.