தலையெழுத்தும் கதையெழுத்தும்

நாவல் எழுதத் துணிந்த இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். கையிலே தடித்த குறிப்பேடு, கண்களிலே கவலை. முப்பது அத்தியாயங்களுக்கும் திட்டம் தீட்டி முடித்திருந்தார். எவன் எங்கே பிறக்கிறான், எவள் எப்போது அழுகிறாள், கொடியவன் எந்த இடத்தில் வீழ்கிறான், எல்லாம் அதிலே இருந்தன. "எழுத உட்கார்ந்தால் பாத்திரங்கள் பிணம்போலக் கிடக்கின்றன, ஐயா! திட்டத்தைக் கிழித்தெறிந்துவிட்டு மனம் போன போக்கிலே எழுதட்டுமா?" என்று கேட்டார்.

எழுதுவோரின் பழக்கம் பற்றிய சிறு கேள்விதானே என்று எண்ணாதீர், தோழர்களே! ஆழ்ந்து நோக்கின், இது அறம் பற்றிய கேள்வி. முன்பே முடிவு கட்டியதை நிலைநாட்ட எழுதுகிறோமா, மெய்யைக் கண்டறிய எழுதுகிறோமா? கேள்வியின் உள்ளீடு இதுவே.

திட்டமே வேண்டா என்போர் உளர். "உள்ளிருந்து ஏதோ ஒன்று எழுதச் செய்கிறது" என்பர். சாமி வந்து ஆடுபவனின் பேச்சுக்கும் இதற்கும் வேறுபாடு என்ன? பிழை நேர்ந்தால் பொறுப்பேற்க ஆள் இல்லை என்பதுதானே இரண்டின் பொருளும்!

பிரெஞ்சு நாட்டு எமிலி ஜோலாவைப் பாருங்கள். சுரங்கத் தொழிலாளர் வாழ்வை 'ஜெர்மினல்' என்னும் நாவலாக்க விழைந்தவர், 1884 பிப்ரவரியில், வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த ஆன்சான் நிலக்கரிப் பகுதிக்கே சென்றார். சுரங்கத்துக்குள் இறங்கினார், கண்டதையெல்லாம் குறித்தார். பாத்திரங்களுக்குக் குறிப்புகள், அத்தியாயங்களுக்குத் திட்டங்கள் எனத் தாள்கள் குவிந்தன. ஏப்ரல் 2-இல் எழுதத் தொடங்கி, 1885 ஜனவரியில் முடித்தார். ஏன் இத்தனை பாடு? பிறர் படும் துன்பத்தை எழுதுபவன், அதைத் தவறாக எழுத உரிமை பெற்றவன் அல்லன் என்பதால்!

மறுபுறம் ருஷ்ய நாட்டு தாஸ்தாவ்ஸ்கி. 1867-இல் ஜெனீவாவில், கடன் தொல்லையில் உழன்றபடி 'அசடன்' நாவலுக்காகப் பாடுபட்டார். இதழிடமிருந்து முன்பணம் பெற்றாயிற்று, நாளோ நெருங்குகிறது. ஆயினும், எழுதியது பொய்யாகப்படவே, டிசம்பரில் அதைத் தூக்கி எறிந்தார், புதிதாகத் தொடங்கினார். முதற் குறிப்புகளில் செருக்கும் சினமும் மிக்கவனாக இருந்த நாயகன், நூலில் பால் மனத்தவனாகப் பிறந்தான். 1868 ஜனவரியில் முதற்பகுதி அச்சேறியபோது, கதை எங்கே போய் முடியும் என்பதை ஆசிரியரே உறுதி செய்திருக்கவில்லை.

எவர் வழி சரி? அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறாதீர். தாஸ்தாவ்ஸ்கியின் குறிப்பேடுகள் நிறையத் திட்டங்கள். ஒன்றை அடித்து மற்றொன்று, அதையும் அடித்து இன்னொன்று. ஜோலாவின் முன்வரைவோ, 'இப்படி வைத்தால் என்ன, அப்படி வைத்தால் என்ன' என்று அவர் தாளிலேயே தம்மோடு நடத்திய வாதம். திட்டமிட்டவரும் தேடினார், தேடியவரும் திட்டமிட்டார்!

அறிவியலாளன் செய்வதும் இதுதான். கருதுகோள் இன்றிச் சோதனையில் இறங்குபவன் இருட்டிலே துழாவுகிறான். கருதுகோளைக் காப்பாற்றச் சோதனையின் முடிவைத் திருத்துபவன் மோசடி செய்கிறான். நாவலின் திட்டம் ஒரு கருதுகோள். முதற்படி அதற்கான சோதனை.

இங்கே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. சீர்திருத்தம் பேசும் கதைகள் சிலவற்றில், பண்ணையார் தோன்றும்போதே தீயவர். ஏழை பிறக்கும்போதே நல்லவன். கடைசி அத்தியாயத்தில் ஒரு சொற்பொழிவு. கருத்து நம்முடையதே. ஆனால், அந்தக் கதைமாந்தர் வாழும் உலகம் எது? எழுதிவைத்தபடிதான் எல்லாம் நடக்கும் என்னும் உலகம்! தலையெழுத்தை மறுக்கும் நாம், நம் பாத்திரங்களின் தலையிலே எழுதலாமா?

அந்த இளைஞரிடம் கேட்டேன்: "எந்தப் பாத்திரமாவது உம் சொல்லை மீறியதா?"

சற்றுத் தயங்கினார். "ஒருத்தி மீறினாள். கணவனை இழந்தவள். இருபதாம் அத்தியாயத்தில் அவளுக்கு மறுமணம். ஆனால் ஒன்பதாவதிலேயே, 'முதலில் எனக்கொரு வேலை. மணத்தைப் பிறகு பார்ப்போம்' என்று சொல்லிவிட்டாள். திட்டத்துக்கு ஒவ்வாததால் அடித்துவிட்டேன்."

"அடித்த அந்த வரிதான் உம் ஏட்டிலே உயிருள்ள வரி. அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேளும்!" என்றேன்.

மீறியதெல்லாம் மெய்யென்று கூறவில்லை. அவளுக்கு எந்த ஊரில், என்ன வேலை, எவ்வளவு கூலி கிடைக்கும்? இவற்றை ஜோலாவைப்போல் நேரிலே சென்று அறிய வேண்டும். அங்கே மனம் போன போக்கு உதவாது. ஆனால் அவற்றையெல்லாம் அறிந்த ஒருத்தி என்ன முடிவு எடுப்பாள் என்னும் இடத்திலே, திட்டம் வளைந்து கொடுக்க வேண்டும்.

ஆகவே, இளைஞர்களே, திட்டம் தீட்டுங்கள், தெளிவாகத் தீட்டுங்கள். ஆனால் எழுதும்போது, உங்கள் முடிவை மறுக்கும் உரிமையை உங்கள் பாத்திரங்களுக்கு அளியுங்கள். தாளிலே பிறந்த ஒருத்தியின் மறுப்பைக் கேட்கப் பொறுமை அற்றவன், தெருவிலே வாழும் ஒருத்தியின் மறுப்பை எங்ஙனம் கேட்பான்?