பயில்வோன் கையும் ஏழையின் வாயும்: ஓர் அறவியல் நோக்கு

நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து துணைபுரிவோன் என்னும் நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்பது வள்ளுவர் கருத்து. அந்நான்கனுள் நோயாளியே முதலில் வைத்து எண்ணப்பட்டுள்ளான். மருத்துவம் பயில்பவனுக்கு அங்கு இடமில்லை. இன்றைய மருத்துவக் கல்வியில் அவன் ஐந்தாமவனாக வந்து சேர்ந்துள்ளான். அவனது வருகை நோயாளியின் முதலிடத்தைப் பறித்துவிடுகின்றதா என்பதே நாம் ஆராய வேண்டிய வினாவாகும்.

பல்மருத்துவத்தில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. துளைத்தல், அடைத்தல், பிடுங்குதல் ஆகியவற்றைப் பல்மருத்துவ மாணவன் பட்டம் பெறுமுன்னரே தன் கைகளாற் செய்து கற்றாக வேண்டும். மாதிரித் தலைகளிற் பொருத்திய செயற்கைப் பற்கள் கைக்குப் பழக்கம் தரும். ஆயின் அவை நோவதுமில்லை, அஞ்சுவதுமில்லை. ஒருநாள் உயிருள்ள ஒருவரின் வாயில் முதன்முறையாகக் கைவைத்தே தீர வேண்டும். அந்த ஒருவர் யார்? வசதி படைத்தோர் தனியார் மருத்துவரை நாடுவர். பயிலும் கைக்கு வாய் திறப்போர் பெரும்பாலும் வேறு வழியற்றோரே.

இலவசமாகத்தானே செய்கின்றோம் என்பது இதற்குக் கூறப்படும் வழக்கமான விடை. இது போதுமான விடையன்று. எப்போதாவது வரும் மாணவர் முகாமைத் தவிர வேறு பல்வைத்தியம் கிட்டாத ஒரு தோட்டத்திலே 'சம்மதம்' என்னும் சொல்லுக்கு என்ன பொருள்? மறுக்கக்கூடியவன் தரும் சம்மதமே சம்மதமாகும். மனிதனை வெறும் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்றார் ஜேர்மனியத் தத்துவஞானி கான்ற். ஒருவரிடமிருந்து கற்பதை அவர் தடுக்கவில்லை. கற்பதற்கு மட்டுமே அவரைக் கொள்வதைத்தான் தடுத்தார்.

ஆயின், மாணவரைச் சமூகத்திடம் அனுப்பாது விடுவதும் அறமாகாது. இலங்கை ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் முன்னணியில் உள்ளது. மருத்துவமனை நாற்காலியில் மாணவன் காண்பது புண்ணை மட்டுமே. லயத்துக்குச் செல்பவனோ குளிருக்கும் பசிக்கும் துணையாகிய வெற்றிலையையும் புகையிலையையும் காண்கின்றான். வைத்தியரிடம் போனால் அன்றைய சம்பளம் இல்லை என்பதையும் அறிகின்றான்.

1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று இங்கு நினைக்கத்தக்கது. இலங்கைக் கிராமப்புறங்களிலே ஆரம்ப சுகாதாரப் பணியாளர் ஓராண்டில் 28,000இற்கும் மேற்பட்டோரின் வாயைச் சோதித்தனர். மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டோருள் ஏறத்தாழ அரைவாசிப் பேரே அங்கு சென்றனர். நோயைக் கண்டறிவது வேறு, நோயாளியைக் காப்பது வேறு என்பதை இது உணர்த்துகின்றது.

எனவே, களப் பயிற்சி அறத்தின்பாற்பட்டதாக வேண்டுமாயின் மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். தவறைத் திருத்தவல்ல ஆசிரியர் அருகில் நிற்றல் வேண்டும். மாணவன் வேண்டாம் என்போருக்கு அவ்வாசிரியரே சிகிச்சையளித்தல் வேண்டும். முகாம் முடிந்த பின்னரும் நோயாளியைத் தொடர்ந்து கவனிக்க ஒருவர் இருத்தல் வேண்டும். மூன்றனுள்ளும் எளிதில் மறக்கப்படுவது இறுதியானதே.

இந்நாட்டின் இலவசக் கல்வியைத் தாங்கிய செல்வத்தில் தேயிலைத் தொழிலாளரின் உழைப்பும் அடங்கும். அவர் தம் வாயையும் பாடமாகத் தருவாராயின், பயில்பவன் இருமடங்கு கடனாளியாகின்றான். பட்டம் பெற்றபின் அவன் எங்கு பணிபுரிகின்றான் என்பதைக் கொண்டே அக்கடன் தீர்ந்ததா என்பதைக் கூறமுடியும்.